புது எஞ்சினில் பூசிய அழுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், உறவினர் ஒருவரின் இல்லத்தில் நாம் ஏறத்தாழ ஒரு திங்கள் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டில் வசித்தவர் பணி ஓய்வு பெற்ற ஆங்கிலேயப் பெரியவர், மனைவியை இழந்தவர், மிகுதியாகப் பேசாதவர். ஒருநாள் மாலை தேநீருக்கு அழைத்தவர், தேநீர் ஆறுமுன்பே நம்மைக் கூரையறைக்கு இட்டுச் சென்றார். அங்கே, மார்பளவு உயரத்தில், அறையின் மூன்று சுவர்களையும் ஒட்டிப் பலகை அடித்து, அதன்மேல் ஓர் இரயில் உலகத்தையே அமைத்து வைத்திருந்தார். நிலையம், லோகோ ஷெட், நிலக்கரி மேடை, கால்வாய்ப் பாலம், மழை பெய்து ஓய்ந்தாற்போன்ற ஒரு தெரு. எல்லாம் உண்மை அளவில் 76-இல் ஒரு பங்கு. அத்தெருவில் நின்றிருந்த மனிதர்கள் நம் சுண்டுவிரலில் பாதி உயரம்கூட இல்லாதவர்கள்.

அன்றுதான் அவருக்குப் புதிய எஞ்சின் ஒன்று அஞ்சலில் வந்திருந்தது. நம் ஊரில் நல்ல மிதிவண்டி ஒன்றை வாங்கக்கூடிய விலை. கறுப்பு வண்ணம் கண்ணாடிபோல் மின்ன, மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓட, அது பெட்டிக்குள் பஞ்சணையில் கிடந்த குழந்தைபோல் இருந்தது. அதைத் தடத்தில் வைத்து இருமுறை ஓட்டிப் பார்த்தார், மனநிறைவுடன் தலையசைத்தார். பிறகு அவர் செய்ததைக் கண்டு நாம் பதறிப்போனோம். கறுப்பும் பழுப்புமாக நீர்த்த வண்ணத்தைக் கலந்து, அந்தப் புத்தம்புது எஞ்சினின் மேனி முழுவதும் பூசலானார். பூசியதைத் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தார். இடுக்குகளில் மட்டும் கறை தங்கியது. பின்பு சாக்குத்தூளைத் தூரிகையில் தொட்டுச் சக்கரங்களின்மேல் தடவினார்.

“ஏன் ஐயா, இதைப் பாழாக்குகிறீர்கள்?” என்றோம்.

“இது இன்னும் எங்குமே போனதில்லை. போய்வந்ததாக ஆக்குகிறேன்” என்றார்.

இதற்கு அவர்கள் மொழியில் ‘வெதரிங்’ என்று பெயர். வெயிலும் மழையும் பட்டதாகத் தோன்றச் செய்தல் எனலாம். மாதிரி இரயில்களைச் சேர்த்து ஓட்டும் பொழுதுபோக்கு மேலை நாடுகளில் நூறாண்டைக் கடந்தது. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் இரயிலை, ஒழுங்குபடுத்திய தட அளவுகளோடு காட்சிக்கு வைத்தது. லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் தம் பெயரிலேயே இரயில்களை விற்கத் தொடங்கினார். அன்று அவை பளபளக்கும் விளையாட்டுப் பொருட்கள். அவற்றின் பளபளப்பைக் கெடுப்பதற்கென்றே பெரியவர்கள் இரவெல்லாம் விழித்திருக்கும் நிலை பின்னாளில் வந்தது.

நம் உள்ளத்தில் எழுந்த வினா எளியது. பழமை இல்லாத ஒன்றுக்குப் பழமையை ஏற்றுவது பொய்யன்றோ? நேற்று வார்த்த செப்புச் சிலையை அமிலத்தில் நனைத்து, மண்ணில் புதைத்து எடுத்து, சோழர் காலத்தது என்று விற்பவனை நாம் மோசடிக்காரன் என்கிறோம். இப்பெரியவரின் கைகளும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கின்றன. இருவருக்கும் இடையே வேறுபாடு என்ன?

ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பது உடனே தோன்றும் விடை. புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி இரண்டு தனி நூல்களே எழுதியவர். பொய்யைப் பொய்யாக்குவது ஏமாற்றும் விருப்பமே என்பதும், விளையாட்டாகச் சொல்வதைப் பொய் எனக் கொள்ளவேண்டியதில்லை என்பதும் அவர் காட்டிய வழி. கூரையறைக்கு வருபவர் எவரும் அங்குள்ள எஞ்சின் உண்மையிலேயே முப்பதாண்டு ஓடியது என நம்பப்போவதில்லை. ஆகவே குற்றமில்லை. ஆயினும் இந்த விடை நமக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. குற்றமில்லை என்று சொல்வது எளிது. பின் எதற்காக ஒரு மனிதர் இத்தனை பாடுபடுகிறார் என்பதை அது விளக்கவில்லை. அடுத்தடுத்த மாலைகளில் அவர் அருகே அமர்ந்து பார்த்தபோதுதான் சிறிது விளங்கிற்று.

அந்த எஞ்சின், ஸ்டேனியர் என்னும் பொறியாளர் வடிவமைத்த ‘பிளாக் ஃபைவ்’ வகையைச் சேர்ந்தது. 1934 முதல் 1951 வரை அவ்வகையில் 842 எஞ்சின்கள் கட்டப்பட்டன. பொம்மைத் தொழிற்சாலையிலிருந்து வரும் மாதிரிகள் யாவும் ஒரே அச்சு. ஒரே எண்ணைத் தாங்கிய எஞ்சின்கள் ஆயிரம் வீடுகளில் ஓடும். நம் பெரியவர் முதலில் செய்தது அந்த எண்ணை அகற்றியதுதான். காது குடையும் பஞ்சுக்குச்சியை மருந்தில் நனைத்து, அரைமணி நேரம் பொறுமையாகத் தேய்த்தார். பிறகு தாம் சிறுவனாக இருந்தபோது தம் ஊர் நிலையத்தில் கண்ட ஓர் எஞ்சினின் எண்ணை, இலக்கம் இலக்கமாக நீரில் ஊறவைத்து ஒட்டினார். எண்ணை மாற்றினால் போதுமா என்றால், போதாது. 842-உம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், கொதிகலத்தின் மேலுள்ள குமிழ் சிலவற்றில் ஓரிடம், சிலவற்றில் வேறிடம். நிலக்கரி சுமக்கும் டெண்டரிலும் வேறுபாடுகள் உண்டு. ஆகவே அந்தக் குறிப்பிட்ட எஞ்சினின் நிழற்படம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அந்த ஆண்டில் அது எப்படியிருந்தது என்று பார்த்தபிறகே கத்தியைக் கையில் எடுத்தார். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கரியைப் பெயர்த்தெடுத்துவிட்டு, உண்மையான நிலக்கரியைச் சுத்தியால் பொடித்துப் பசையிட்டு நிரப்பினார். ஓட்டுநரையும் ஃபயர்மேனையும் உள்ளே நிறுத்தினார்.

அழுக்குக்கும் இதே ஒழுங்கு உண்டு. நாம் நினைத்தது போல் அது கண்டபடி அப்புவது அன்று. பிரேக் கட்டை வார்ப்பிரும்பாலானது. சக்கரத்தோடு உரசித் தேய்ந்து பழுப்புத் தூளாகப் பறக்கும். ஆகவே கீழ்ப்பகுதி பழுப்பாக இருக்கவேண்டும். நீரில் சுண்ணாம்பு மிகுந்த ஊரில் நீர் நிரப்பிக்கொண்ட எஞ்சினின் மேனியில் ஆவி கசியும் இடங்களில் வெண்கோடுகள் வழிந்திருக்கும். புகைப்பெட்டிக் கதவின் அடிப்பகுதி வெந்து நிறம் மாறியிருக்கும். ஓட்டுநர் ஏறும் இடத்துக் கைப்பிடியை மட்டும் பளபளப்பாக விட்டுவிடவேண்டும். ஏனெனில் நாள்தோறும் மனிதக் கை பட்ட இடம் அது.

அக்கைப்பிடியை அவர் விரல்நுனியால் தேய்த்துத் துலக்கிய விதம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். 1930-களின் எஞ்சின்கள் இவ்வளவு அழுக்காக இருந்ததில்லை. எஞ்சின் துடைக்கும் பையன் என்பதே அன்று இரயில்வேயில் முதற்படி. துடைப்பவன் ஃபயர்மேன் ஆவான். ஃபயர்மேன் பல ஆண்டுகளுக்குப் பின் ஓட்டுநர் ஆவான். போருக்குப் பிறகு வேறு தொழிற்சாலைகளில் நல்ல ஊதியமும் தூய வேலையும் கிடைத்தபோது, விடியற்காலையில் எண்ணெய்க் கந்தலோடு எஞ்சினுக்கு அடியில் படுக்க இளைஞர் வரவில்லை. பிரிட்டிஷ் இரயில்வேயின் முதன்மைத் தடங்களில் நீராவி முடிவுக்கு வந்த 1968 ஆகஸ்டை நெருங்க நெருங்க, எஞ்சின்கள் எண்ணே தெரியாத அளவுக்குக் கரி பிடித்துக் கிடந்தன. 842-இல் 18 மட்டும் காப்பாற்றப்பட்டன; மற்றவை பழைய இரும்புக்குப் போயின. ஆகவே, இந்த எஞ்சினில் எவ்வளவு அழுக்குப் பூசவேண்டும் என்று கேட்டால், எந்த ஆண்டு, எந்த ஷெட், அங்கே துடைக்க எத்தனைபேர் இருந்தார்கள் என்று கேட்கவேண்டும்.

சரக்குப் பெட்டிகளுக்கும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: “இது எங்கே போய்வந்தது?” சிமெண்டு ஏற்றிய வேகனாயின் சாம்பல் படிவு, இரும்புத் தாது ஏற்றியதாயின் செம்மண் நிறம், நிலக்கரி வேகனின் உட்பலகைகள் தேய்ந்து, ஒரே ஒரு பலகை மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டதாய் வண்ணமின்றி இருக்கும். இக்கேள்விக்கு விடை தெரியாத பெட்டியில் அவர் தூரிகையை வைப்பதில்லை. இங்கேதான் சிலைத் திருடனுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கண்டோம். அவன் பூசும் அழுக்கு வாங்குவோனின் கேள்வியை அடக்குகிறது. இவர் பூசும் அழுக்கு, எவரும் கேட்காத கேள்வியைத் தாமே கேட்டுக்கொண்டு, உழைத்த கைகளுக்கும் ஓடிய தொலைவுக்கும் சாட்சி சொல்ல முயல்கிறது.

வாசக அன்பர்கள் நாம் இப்பெரியவரைப் புனிதராக்கிவிட்டோம் எனக் கருதவேண்டாம். அவருடைய உலகத்தின் அடித்தளத்திலேயே ஒரு பிழை உண்டு. அது அவருக்கும் தெரியும். உண்மையான இரயில் தடத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். இந்த அளவுக்குச் சுருக்கினால் அது ஏறத்தாழ 18.83 மில்லிமீட்டர் வரவேண்டும். ஆனால் இங்கிலாந்தில் பெரும்பாலோர் ஓட்டும் தடத்தின் அகலம் 16.5 மட்டுமே. காரணம் பழையது. ஐரோப்பியர் 87-இல் ஒரு பங்கு அளவைக் கொண்டனர், அதற்கு 16.5 மிகச் சரியான அகலம். ஆங்கில எஞ்சின்களோ இயல்பிலேயே உருவம் சிறியவை. அந்த அளவில் செய்தால் அக்கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. எனவே எஞ்சினை மட்டும் சற்றுப் பெரிதாக்கிக்கொண்டு, தடத்தை அப்படியே விட்டுவிட்டனர். விளைவாக, அந்நாட்டின் மாதிரி எஞ்சின்கள் எல்லாம் தம் அளவுக்குக் குறுகிய தடத்தின்மேல், ஒடுங்கிய கால்களோடு ஓடுகின்றன.

இதைப் பொறுக்காத சிலர் உளர். 1960-களில் அவர்கள் 18.83 என்னும் சரியான அகலத்தை ஏற்று, ஒவ்வொரு சக்கரத்தையும் மாற்றி, தடத்தைக் கையாலேயே அமைக்கலாயினர். ஒரு நிலையத்தை முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அவர்களைக் கண்டு நமக்கு வியப்பு உண்டு. சிறு அச்சமும் உண்டு. அற்பமான பிழையையும் பொறுக்கமாட்டாது தன்னையே வருத்திக்கொள்ளும் மனச்சான்றை நம் ஆன்ம குருக்கள் ஒரு நோயாகவே கருதி எச்சரித்து வந்திருக்கின்றனர். நம் பெரியவரிடம் இதுபற்றிக் கேட்டோம். “பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது” என்று சிரித்தார். பிறகு, “தெரிந்தே ஏற்றுக்கொண்ட பிழை அது. அதை நான் எவரிடமும் மறைக்கவில்லை” என்றார்.

மற்றொரு கோடியில் நிற்பவர் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழிலால் நிழற்படக் கலைஞர். மாதிரி இரயில்களுக்குப் பழமையூட்டும் கலைக்கு முன்னோடிகளுள் ஒருவர். ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என ஒலிக்கும்படி அவர் தம் இரயில்வேக்குப் பெயரிட்டார். குருதி படிந்து தோற்றது என்பது அதன் பொருள். ஒவ்வொரு பலகையிலும் துருவையும் வெடிப்பையும் உண்மைபோல் காட்டிய அந்த மனிதர், தம் யார்டில் பெட்டிகளை ஷண்டிங் செய்ய ஒரு டைனோசரை நிறுத்தி, அதற்கு எம்மா என்று பெயரும் வைத்திருந்தார். நமக்கு அந்த டைனோசரைப் பிடித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1973 சனவரியில் அவர் இறந்தார். சில நாட்களுக்குள் அவ்வீட்டில் தீப்பற்றி, ஏறத்தாழ எல்லாமே அழிந்தன.

இனி ஓட்டுவதைப் பற்றிச் சிறிது. ஓடாத இரயில் வெறும் பொம்மை என்பது நம் பெரியவரின் கொள்கை. உண்மையான பிளாக் ஃபைவ், டெண்டர் நீங்கலாக 72 டன் எடையுள்ளது. மாதிரியோ கையில் தூக்கிவிடலாம்; மின்சாரம் பாய்ந்ததும் துள்ளி ஓடும்; நிறுத்தினால் சட்டென நிற்கும். இப்போது எஞ்சினுக்குள் சிறிய மின்னணுச் சில்லு ஒன்றைப் பொருத்துகிறார்கள். எவ்வளவு மெதுவாக வேகம் கூடவேண்டும், எவ்வளவு தொலைவு உருண்டு நிற்கவேண்டும் என்பதை எண்களாக அதில் பதிக்கலாம். பெரியவர் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் இரவைச் செலவிட்டு இந்த எண்களைத் திருத்தினார். பின்பு நம் கையில் கட்டுப்பாட்டுக் கருவியைத் தந்து நிலையத்தில் நிறுத்தச் சொன்னார். நாம் மேடையைத் தாண்டி இரண்டு பெட்டி நீளம் ஓட்டிவிட்டோம். “பின்னால் நானூறு டன் இருப்பதாக நினையுங்கள்” என்றார். இல்லாத பாரத்துக்கு மதிப்புக் கொடுக்கக் கற்க நமக்கு மூன்று மாலைகள் பிடித்தன.

மேடையை விட்டுப் புறப்படும் வண்டி எங்கே போகிறது? இது முதலில் குழந்தைத்தனமான கேள்வியாகத் தோன்றியது. சுவரில் தீட்டிய வானத்தின் அடியில், ஒரு பாலத்தின் நிழலில், சிறிய துளை ஒன்று உண்டு. வண்டி அதனுள் நுழைந்து மறையும். மறுபுறத்தில் அழகோ அழுக்கோ இல்லாத வெறும் பலகையின்மேல் வரிசையாகத் தடங்கள். அங்கே வண்டிகள் காத்திருந்து, அட்டவணைப்படி மீண்டும் வெளிவரும். ‘வேறெங்கோ’ என்பதெல்லாம் அந்த மறைவிடமே. இலண்டனும் அதுதான், ஸ்காட்லாந்தும் அதுதான். பீட்டர் டென்னி என்னும் ஆங்கிலிக்கன் குரு, 1907-ஆம் ஆண்டில் நிலைநிறுத்தி அமைத்த பக்கிங்காம் என்னும் புகழ்பெற்ற மாதிரி இரயில்வேயில், இம்மறைவிடத்தை அவருடைய மகன் கிறிஸ்பின் இயக்கிவந்தான். மகனுக்கு ஆர்வம் குறைந்தபோது தந்தை ஒரு தானியங்கிப் பொறியைச் செய்து அவ்விடத்தில் வைத்து, அதற்குத் ‘தானியங்கிக் கிறிஸ்பின்’ என்றே பெயரிட்டார். வளர்ந்த பிள்ளைகளை உடைய பெற்றோர் இதைப் படித்துச் சிரிப்பர். சற்றுப் பெருமூச்சும் விடுவர்.

இதுவரை நாம் சொன்னவை யாவும் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்வதற்காகவே.

சுவரலமாரியின் மேல்தட்டில், மற்றவற்றிலிருந்து விலகி, பழுப்புநிற மூடிய சரக்குப் பெட்டி ஒன்று இருந்தது. பதினொரு சென்டிமீட்டர் நீளம். இரு பக்கமும் நகரும் கதவுகள், மேலே ஓரங்களில் சிறிய காற்றுத் துவாரங்கள். ஒரு கண்காட்சியில் பழைய பெட்டிகளை மொத்தமாக வாங்கியபோது அவற்றோடு சேர்ந்து வந்ததாம். ஜெர்மன் இரயில்வேயின் ‘ஜி 10’ வகை. 1910 முதல் 1927 வரை 1,20,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 15 டன் ஏற்றலாம். தானியம், எந்திரப் பாகம், கால்நடை, படைவீரர் எல்லாம் அதில் போயினர். 87-இல் ஒரு பங்கு அளவானதால், அவர் வீட்டுத் தடம் மிகச் சரியான அகலமாக அமைந்த ஒரே வண்டி அதுதான். தடத்தில் வைத்தால் அழகாக ஓடும் என்றார். அவர் வைப்பதில்லை.

ஜெர்மன் இரயில் வரலாற்றை இப்பொழுதுபோக்கினர் காலங்களாகப் பிரித்திருக்கின்றனர்; அவற்றுள் இரண்டாவது காலம் 1945-ஐ ஒட்டி முடிகிறது. அக்காலத்து எஞ்சின்களும் பெட்டிகளும் இன்றும் விற்கப்படுகின்றன. ஹிட்லர் ஆட்சியின் முறுக்குச் சிலுவைச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மானியச் சட்டம் தடுப்பதால், அதைத் தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகின்றனர். பெட்டியின் பலகைகள், எழுத்துகள், எண்கள் அனைத்தும் பிழையின்றி இருக்கின்றன. 1941-க்கும் 1945-க்கும் இடையே யூத மக்களைக் கொலைமுகாம்களுக்குக் கொண்டுசென்றது இத்தகைய பெட்டிகள்தாம். தொடக்கத்தில் ஜெர்மன் நகரங்களிலிருந்து மூன்றாம் வகுப்புப் பயணிகள் பெட்டிகளும் ஓடின. பிறகு பெரும்பாலும் மூடிய சரக்குப் பெட்டிகள். இரயில்வே இதற்குக் கட்டணம் வாங்கியது. ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக்; பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரைக்கட்டணம்; நான்கு வயதுக்குட்பட்டோருக்கு இலவசம்; 400 பேருக்கு மேல் சேர்ந்து சென்றால் சலுகை. எழுத்தர்கள் கணக்கு எழுதினர், அட்டவணை போட்டனர், ஓட்டுநர்கள் ஓட்டினர். நகரத்து மக்கள் கண்டதெல்லாம் மேடையிலிருந்து வண்டி புறப்பட்டதை மட்டுமே. அப்பால் அது ‘வேறெங்கோ’ போயிற்று.

பெரியவர் ஒருமுறை பெர்லின் சென்றபோது குருனேவால்ட் நிலையத்தின் 17-ஆம் தடத்தைப் பார்த்திருக்கிறார். 1998 சனவரி 27-இல் அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. மேடை விளிம்பில் 186 வார்ப்பு எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள், அன்று அனுப்பப்பட்டோரின் எண்ணிக்கை, சேருமிடம். முதலாவது 1941 அக்டோபர் 18-க்குரியது. தடத்தில் இன்று மரங்கள் முளைத்திருக்கின்றன. அவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், இனி எந்த வண்டியும் அங்கிருந்து புறப்படாது என்பதற்காக. “நான் அங்கே நின்றபோது இந்த அலமாரியைத்தான் நினைத்தேன்” என்றார்.

இப்போது நம் வினா மாறிவிட்டது. பொய்யாகப் பழமையூட்டலாமா என்று தொடங்கினோம். உண்மையை எவ்வளவு தூரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதில் வந்து நிற்கிறோம். அந்தக் காலத்து ஜெர்மன் நிலையம் ஒன்றைப் பலகைமேல் அமைப்பவர் என்ன செய்யவேண்டும்? அந்த வண்டிகளையும் சேர்த்துக் காட்டவேண்டுமா? கூடாது என்றே நாம் உறுதியாக எண்ணுகிறோம். சாகப்போகும் குழந்தைகளை 20 மில்லிமீட்டர் பொம்மைகளாக்கி, மாலைநேரத்தில் பொத்தானை அழுத்தி ஓட்டிக் களிப்பது, எந்த நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், அவர்களை இன்னொருமுறை சிறுமைப்படுத்துவதே. வாஷிங்டனில் 1993-இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தில் உண்மையான பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதனுள் நடந்து செல்லலாம்; அது ஓடாது, நிற்கிறது. நிற்பதால்தான் பொறுக்கமுடிகிறது.

அப்படியாயின் விட்டுவிடலாமா? பெரும்பாலோர் அதைத்தான் செய்கின்றனர். அவர்களைக் கொடியவர் என்று சொல்ல நாம் துணியோம். ஒரு சிறு உலகைச் சமைக்கும் எவரும் எல்லாவற்றையும் சேர்க்க இயலாது. நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ஏரோதின் படைவீரரை நாம் நிறுத்துவதில்லை; மாசில்லாக் குழந்தைகளின் திருநாள் மூன்றே நாளில் வருகிறது என்றாலும், களிமண் ஆடுகளோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் விடுவதில் இரண்டு வகை உண்டென எண்ணுகிறோம். விடுகிறோம் என்று தெரிந்து விடுவது ஒன்று. பலகையின் வெடிப்பையும் ஆணியின் துருவையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, கதவுக்கு உள்ளே இருந்தோரைப் பற்றி ஒருநாளும் நினையாதிருப்பது மற்றொன்று. இரண்டாவதில், நுணுக்கமே ஒரு திரையாகிவிடுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பெருமை, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் காக்கிறது. கட்டணத்தைச் சரியாகக் கணக்கிட்ட அந்த எழுத்தரும் நுணுக்கமானவரே.

“உங்கள் நாட்டில் இப்படிப்பட்ட பெட்டி இல்லையே, நீங்கள் நிம்மதியாக ஓட்டலாம்” என்று பெரியவர் ஒருநாள் சொன்னார். நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். பின்பு போத்தனூரைப் பற்றிச் சொன்னோம். கோவையை அடுத்த அந்தச் சந்திப்பை வாசகர் பலர் அறிவர். எத்தனையோ முறை அவ்வழியே பயணம் செய்திருப்பர். 1921 நவம்பரில், மலபார்க் கலகத்தில் பிடிபட்ட மாப்பிள்ளைக் கைதிகள் ஏறத்தாழ நூறு பேரைத் திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் ஏற்றினர். பெட்டி போத்தனூரில் திறக்கப்பட்டபோது உள்ளே பிணங்கள் கிடந்தன. மூச்சுத்திணறி மாண்டோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். காற்றுத் துவாரத்தின் கம்பிவலை பெயிண்டாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது என்பது பின்னர் வெளிவந்த செய்தி. திரூரில் அவர்கள் பெயரால் நகர மண்டபம் இருக்கிறது. அன்று ஆண்டது அவருடைய நாடு, இறந்தது நம் நிலத்தில். ஆயினும் அப்பெட்டியைத் தள்ளியவரும் கொடி காட்டியவரும் வழிநெடுக நிலையங்களில் நின்றவரும் யாராக இருந்திருப்பர் என்று எண்ணினால், நாமும் முழுக்க வெளியே நிற்க முடியவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் தூரிகைகளைக் கழுவினார்.

ஊர் திரும்புவதற்கு முதல்நாள் கடைசியாகக் கூரையறைக்குச் சென்றோம். பிளாக் ஃபைவ் வேலை முடிந்திருந்தது. எண் கரியில் பாதி மறைந்து, கைப்பிடி மட்டும் மின்ன, பத்துச் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நிலையத்துக்குள் மெதுவாக வந்தது. இம்முறை நாமே ஓட்டினோம், மேடையைத் தாண்டவில்லை. அவர் மகிழ்ந்தார்.

அலமாரியின் மேல்தட்டைக் காட்டி, இதற்கு ஏன் இன்னும் அழுக்குப் பூசவில்லை என்று கேட்டோம். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கதவை மெல்ல நகர்த்திப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்தில் அச்சிட்ட எண்ணைச் சுட்டினார். இந்த எண்ணுள்ள பெட்டி தானியம் ஏற்றி ஏற்றியே தேய்ந்திருக்கலாம். ஒருமுறையேனும் கிழக்கே போயிருக்கலாம். தமக்கு அறிய வழியில்லை என்றார். எந்த நிறத்தைத் தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கதவை மூடித் தட்டில் திரும்ப வைத்தார். அந்த அறையில், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் பளபளப்போடு இருந்தது அது ஒன்றுதான்.